புழு துளைக்காத தாள்

பாய்,

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு, இன்று காலை உங்கள் மகள் கொண்டுவந்து வைத்த துணிப்பையைப் பிரித்ததும் கருஞ்சீரக வாசனை குப்பென்று அடித்தது. பூச்சி அண்டாமல் இருக்க மல் துணியில் முடிந்து வைப்பீர்களே, அதே முடிச்சு. அதற்கு அடியில் உங்கள் மாட்டு வைத்தியப் புத்தகம்.

"இது டாக்டரம்மாவுக்குத்தான்னு வாப்பா மௌத்தாவுறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க" என்றாள். ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லாமல் நான் பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். அவள் சிரித்துவிட்டாள். "நீங்க முதல்ல இப்படித்தான் பார்ப்பீங்கன்னும் சொன்னாங்க."

பார்க்காமல்? உங்கள் கை பட்ட புத்தகத்தை யார் நம்புவது?

ஒரத்தநாட்டில் மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த எனக்கும், திருத்துறைப்பூண்டியில் வளையலும் பொட்டும் விற்ற உங்களுக்கும் பழைய அச்சுப் புத்தகத்தின் மேல் ஒரே பைத்தியம். தஞ்சாவூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் ஒரே புத்தகக் கட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததுதான் நம் அறிமுகம். பிறகு சேர்ந்து உட்கார்ந்து நம்மிடமிருந்த புத்தகங்களுக்கெல்லாம் விவரக்குறிப்பு எழுதினோம். "மிக நல்ல நிலையில்" என்று நான் எழுதினால் போதும், உங்களுக்குப் பொறுக்காது. "என்ன டாக்டரம்மா, பொண்ணு பார்க்க வந்தவங்ககிட்ட சொல்ற மாதிரி எழுதுறீங்க? குறைய முதல்ல எழுதுங்க" என்பீர்கள்.

அப்படிப்பட்ட மனிதர்தான் எனக்கு அதைச் செய்தது.

மயிலாடுதுறையில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது என் பிரதி கிடைத்தது. உங்களிடம் இருந்த அதே மாட்டு வைத்தியம், அதே பதிப்பு. வாங்கிய வேகத்தில் தாள்களைச் சரிபார்க்காமல் உங்களிடம் ஓடி வந்து காட்டினேன். "தையல் விட்டுப்போச்சு, தெச்சுத் தர்றேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டீர்கள். கொடுத்தேன், மடச்சி.

திரும்பி வந்த புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். புழு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரை துளைத்துப் போயிருந்தது. நடுவில் ஒரே ஒரு தாளில் மட்டும் துளை இல்லை. காளைக்குச் சூடு வைக்கும் இடங்களைக் குறித்த படம் உள்ள தாள். புழு என்ன, அந்தத் தாளை மட்டும் தாண்டிக் குதித்தா போகும்? அது என் தாள் இல்லை. உங்கள் பிரதியிலிருந்து கழற்றி வைத்தது.

நல்லதைக் கொடுத்துவிட்டு மட்டமானதை எடுத்துக்கொள்ளும் சேகரிப்பாளரை நான் கண்டதில்லை. அப்படியானால் என் தாளில் ஏதோ விசேஷம் இருந்திருக்க வேண்டும். யாராவது கையால் வண்ணம் தீட்டியிருப்பார்கள், ஓரத்தில் பழைய வைத்தியர் குறிப்பு எழுதியிருப்பார். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டேன். நேரே உங்கள் கடைக்கு வந்தேன். வளையல் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் முன்னாலேயே கேட்டேன்.

"என் தாளைக் கழட்டுனீங்களா, இல்லையா?"

"புழுவுக்கு அந்தப் பக்கம் புடிக்கலையோ என்னமோ."

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க பாய், போயிடுறேன்."

டீக் கிளாஸை என் பக்கம் நீட்டினீர்கள். "டீ ஆறுது, குடிங்க" என்றீர்கள்.

அதன் பிறகும் பேசினோம், சிரித்தோம், நோன்புக் கஞ்சி அனுப்பினீர்கள். ஆனால் உங்கள் பிரதியை மட்டும் காட்டவே இல்லை. எப்போது கேட்டாலும் "பரண்மேல கெடக்குது" என்றே சொன்னீர்கள். நீங்கள் நழுவ நழுவ என் சந்தேகம் கெட்டியானது. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதுகூட, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தாளைத்தான் நினைத்தேன்.

இன்று அது கிடைத்துவிட்டது. வண்ணமும் இல்லை, குறிப்பும் இல்லை. காளையின் முகத்தைக் காணோம், புழு தின்றிருந்தது. ஒரு மூலை கிழிந்து, எண்ணெய்க் கறையும் ஏறியிருந்தது. உங்கள் சுத்தமான பிரதியின் நடுவில் அந்தச் சனியன் பிடித்த தாள். என் புத்தகத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். துளையோடு துளை பொருந்தியது.

உங்கள் மகள் முன்னால் அழுதேன் பாய். உடனே கோபமும் வந்தது. யாரைக் கேட்டுச் செய்தீர்கள்? ஒரு பிரதியின் தாளை இன்னொன்றில் சேர்த்தால் இரண்டுமே கெட்டுவிடும் என்று எனக்குச் சொன்னவரே நீங்கள்தானே! கள்ளனைக் கேட்பதுபோல் கடை நடுவில் நான் கேட்டபோதும் டீயை நீட்டிக்கொண்டு நின்றீர்களே, என்ன மனுஷன் நீங்கள்!

தாள்களை மாற்றி வைக்கப்போவதில்லை. என் பிரதியின் விவரக்குறிப்பில், நீங்கள் சொன்ன மாதிரியே, குறையை முதலில் எழுதிவிட்டேன்: "படத்தாள் இப்பிரதிக்கு உரியதன்று. நண்பருடையது."

மகள் போன பிறகு, நீங்கள் தைத்துக் கொடுத்த மற்றப் புத்தகங்களையெல்லாம் அலமாரியிலிருந்து இறக்கினேன். ஒவ்வொரு தாளாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை உங்கள் தாள் வேறொன்றும் அகப்படவில்லை. ஆனாலும் உங்கள்மேல் எனக்குச் சந்தேகம்தான், பாய்.