கர்னலுக்குப் பேர் கேட்டார்கள்

பெங்களூர்
12-11-2006, ஞாயிறு

அன்பு மகன் ஷெர்வினுக்கு மம்மி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் டாடியும் நிக்கோலும் இங்கே சுகம், நீயும் மெல்போர்ன் வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் மெயில் போடுகிறவள் இன்று எதற்குப் பேப்பரில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய், காரணத்துக்கு வருகிறேன். முதலில் நல்ல செய்தி. போன மாதம் கம்ப்யூட்டரில் டாங்கி ஆட்டத்தில், அந்தப் பாலம் இருக்கிற மேப்பில், ஒரே ரவுண்டில் பதினோரு டாங்கியைக் காலி செய்தேன், பதினொன்று! நீ கூட ஏழு டாங்கியைத் தாண்டினதில்லை. நிக்கோல் பரீட்சைக்குப் படிக்கிறாள், படிக்கிறாள் என்றுதான் சொல்கிறாள்.

அந்தக் கம்ப்யூட்டர் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா, தொண்ணூற்றொன்பதில், சிவாஜிநகரில் இருந்து ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோமே. உன் படிப்புக்கென்று வாங்கியது. நீ காலேஜ் போனதும் நான் தட்டித் தட்டிப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். மோடம் கீச்சு கீச்சென்று கத்தி லைன் பிடிக்கிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உங்க வீட்டு ஃபோன் என்ன எந்நேரமும் எங்கேஜ்டு, யாருக்காவது மாப்பிள்ளை பாக்கறீங்களான்னு சிரில் மாமா சண்டைக்கு வருவார். அந்த ஆட்டக்காரர்கள் இன்டர்நெட்டில் பேசிக்கொள்கிற ஃபோரத்தில் கர்னல்64 என்று பேர் வைத்துக்கொண்டேன், பிறந்த வருஷம் அறுபத்துநாலு, அவ்வளவுதான். பையன்கள் எல்லாம் நிஜ கர்னல் என்றே நம்பிவிட்டார்கள். சார், நிஜ டாங்கில ஃபேன் இருக்குமான்னு ஈஜிபுரா பையன் ஒருத்தன் கேட்டான், ஜன்னலைத் திறந்து வெச்சுக்குவோம் தம்பின்னு பதில் போட்டேன். எவ்வளவு சிரித்திருக்கிறோம் நீயும் நானும். சர்ச் ஆபீசில் யூனிஸ் மேடம், வீட்டில் மம்மி, அங்கே மட்டும் ஒருத்தருக்கும் தெரியாத ஆள். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது, உனக்குப் புரியும்.

செப்டம்பரில் ஃபோரத்தை நடத்துகிற சேஷகிரி ஒரு ரூல் போட்டார். கெட்ட வார்த்தையும் மோசடியும் அதிகமாகிவிட்டது, எல்லாரும் நிஜப் பேர் கொடுக்க வேண்டும், பழைய பதிவுக்கு மேலேயும் அந்தப் பேர்தான் வரும், கொடுக்காதவர் கணக்கை மூடிவிடுவோம் என்று. பையன்கள் வாயில் வந்த பேரைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உன் மம்மியோ பதினைந்து வருஷமாக ஞானஸ்நான ரெஜிஸ்டர் எழுதுகிற கை. அதில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடமாட்டோம், விட்டால் பின்னால் யாராவது எதையாவது எழுதிவிடுவார்கள் என்று. அந்தப் பழக்கத்தில் என் பேர், வீட்டுக்காரர் பேர், தெரு, ஃபோன் நம்பர், விருப்பமிருந்தால் என்று போட்டிருந்த கட்டத்தைக்கூட விடாமல் நிரப்பினேன். அது எனக்கும் சேஷகிரிக்கும் நடுவில் இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால் ஆறு வருஷமாக நான் எழுதின ஒவ்வொன்றின் தலையிலும் யூனிஸ் டென்சில் என்று நிற்கிறது. பேரைத் தட்டினால் வீட்டு நம்பரும் தெருவும் ஃபோன் நம்பரும். யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒருத்தன் ஏமாற்றி ஆடுகிறான் என்று நான் புகார் எழுதியிருந்தேன். அவன் போன ஞாயிறு வீட்டுக்கு ஃபோன் போட்டான், டாடி எடுத்தார். கர்னல் மேடம் இருக்காங்களான்னு இளித்திருக்கிறான். நீங்கதான் டென்சிலா, உங்களப் பத்தி உங்க வொய்ஃப் எழுதினத கேளுங்க அங்கிள்னு, நான் 2001இல் எழுதின ஒன்றை முழுசாகப் படித்துக் காட்டியிருக்கிறான்.

அது என்ன என்று நீ என்னிடம்தான் கேட்க வேண்டும், வேறு எவனாவது உனக்கு லிங்க் அனுப்புவதற்கு முன்னால். அந்த வருஷம் டாடியின் ஃபாக்டரியை மூடினார்கள். அவர் நம்மிடம் சொல்லவில்லை. நாலு மாதம் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போனார். அவர் சட்டையைத் துவைக்கும்போது பையில் தினம் அத்திபெலே பஸ் டிக்கெட் இருக்கும். ஃபாக்டரி இருந்தது தும்கூர் ரோட்டில், அத்திபெலே அதற்கு நேர் எதிர்த் திசை. போய் இறங்கி, பொழுதைத் தள்ளி, திரும்பி வந்திருக்கிறார். எனக்கு யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை, சொன்னால் சர்ச்சில் ஆல்தாரா பீடம் வரைக்கும் தெரிந்துவிடும். வீட்டு ஆள் ஒருத்தர் வேலை போனதை மறைக்கிறார், கேட்கலாமா கூடாதா என்று கர்னலாக அங்கே எழுதினேன். வேலை போனது கர்னலின் பையனுக்கு என்று எல்லாரும் நினைத்துக்கொண்டு ஆளுக்கொன்று சொன்னார்கள். பட்டாணி என்று பேர் வைத்திருந்த ஒருவர் மட்டும், கேக்காதீங்க சார், என் வீட்லயும் நடந்துச்சு, பாக்ஸ்ல ஒரு முட்டை சேத்து வைங்க, அவரா சொல்வாருன்னு எழுதினார். அப்படியே செய்தேன். கடைசியில் இப்போதிருக்கிற ஹார்ட்வேர் கடையில் வேலை கிடைத்த பிறகு, போன வாரம்தான் ஃபாக்டரியை மூடினார்கள் என்று டாடி சொன்னார், நானும் அப்படியா என்று அதிர்ச்சியாக முகம் வைத்தேன்.

அந்த ஃபோனுக்கப்புறம் மூன்று நாள் டாடி தன் தட்டைத் தானே போட்டுக்கொண்டார் ஷெர்வின். சாப்பிட்டார், கடைக்குப் போனார், என் முகத்தைப் பார்க்கவில்லை. சேஷகிரியிடம் கெஞ்சினேன், நல்ல மனுஷர், பதறிப்போய்ப் பதிவையும் பேரையும் எடுத்துவிட்டார், ஆனால் அதற்குள் பல பேர் காப்பி எடுத்துவிட்டார்கள் மேடம், அது என் கையில் இல்லைன்னார். புதன்கிழமை டாடி கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பட்டாணி எழுதினதைக் காட்டு என்றார். நான் சேவ் செய்து வைத்திருந்ததைத் திறந்தேன். இரண்டு தடவை படித்தார். ஏன்டி, மூணு மாசம் தினம் முட்டை வந்துச்சு, உனக்குத் தெரிஞ்சுபோச்சோன்னு தினம் பயந்துக்கிட்டேதான் தின்னேன்னார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இந்த ஆளுக்கு ஒரு தேங்க்ஸ் எழுதலாமா என்றார். தேடினேன். பட்டாணி நிஜப் பேர் கொடுக்கவில்லை, கணக்கை மூடிவிட்டார்கள். பேர் கேட்டிருந்தால் நானும் அன்றைக்கு எழுதியிருக்க மாட்டேன், அவரும் சொல்லியிருக்க மாட்டார். ஷெர்வினுக்கு எல்லாத்தயும் எழுது, ஆனா லெட்டரா எழுதுன்னு டாடிதான் சொன்னார்.

நீ ஃபோன் செய்யும்போது இதைப் பற்றிக் கேட்காதே, வானிலையைக் கேள், கடையைக் கேள், அவராகப் பேசுவார். இன்டர்நெட்டில் உனக்கென்று வைத்திருக்கிற பக்கத்தில் நம் தெருப் பேரும் நிக்கோல் காலேஜ் பேரும் போட்டிருக்கிறாய், இன்றைக்கே எடுத்துவிடு. கோயிலுக்குப் போ. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், டாடியும் நானும் உன் நெற்றியில் சிலுவை போடுகிறோம். கீழே பேர் எழுதவில்லை, யாரென்று உனக்குத் தெரியும்.

அன்பு முத்தங்களுடன்,
மம்மி