பச்சைப் புள்ளியும் ஒரு ரப்பர் பேண்டும்

மதிப்பிற்குரிய லாரி ஓட்டுநர் அவர்களுக்கு,

வீட்டிலிருந்து உங்கள் மனைவி எழுதுவது. நானும் மகளும் நலம். நீங்கள் நலமா என்று வழக்கம்போலக் கேட்க இந்த முறை எனக்குக் கை வரவில்லை. ஏன் என்று கீழே வருகிறது. பாதியில் மடித்து வைக்காமல் முழுதாகப் படியுங்கள்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் பேசினால் உங்கள் ஒரு காதுதான் எனக்கு, இன்னொன்று ஹெட்செட்டுக்கு. "ம்... ம்... சொல்லு" என்பீர்கள். நடுவில் "விடாத, இழு, இழு!" என்று யாரையோ பார்த்துக் கத்துவீர்கள். போன மாதம் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று நான் சொன்னதற்கு "சூப்பர்!" என்றீர்கள். குழாய் ஒழுகினால் யாராவது சூப்பர் என்பார்களா? அப்புறம்தான் தெரிந்தது, அந்த நேரம் பார்த்து வீடியோ கேமில் பெரிய மீன் ஒன்று உங்கள் தூண்டிலில் மாட்டியிருக்கிறது. அந்த மீனை வறுக்கவும் முடியாது, குழம்பு வைக்கவும் முடியாது.

அதனால்தான் காகிதம். மாற்றுத் துணிப் பையில் சட்டைகளுக்கு மேலே வைத்திருக்கிறேன். நாளை உங்கள் பக்கம் வரும் வண்டியில் கொடுத்தனுப்புவதாக லோடு ஆபீஸ்காரர் சொன்னார். பிளட் பிரஷர் மாத்திரை இருபது நாளைக்கு இருக்கிறது. கடிதத்தை நூலால் கட்டியிருக்கிறேன். வீட்டில் கிடந்த ரப்பர் பேண்டை எல்லாம் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டேன். இதைப் படித்ததும் உங்களுக்குச் சுருக்கென்று இருக்க வேண்டும். இல்லையென்றால் தொடர்ந்து படியுங்கள், இருக்கும்.

முதலில் வீட்டுச் செய்தி. குழாய்க்கு ஆள் வந்து பார்த்தார். "வாஷர் போயிடுச்சும்மா, இதை இவ்ளோ நாளா விட்டு வெச்சீங்களே" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார். உங்களுக்கு விழ வேண்டிய திட்டு, வாங்கி வைத்திருக்கிறேன். மகளுக்குப் பல் கம்பியை இறுக்கியிருக்கிறார்கள், இரண்டு நாளாகக் கஞ்சிதான். கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை அதிகம். ஒருத்தர் மூக்குக்கண்ணாடி மேல் உட்கார்ந்துவிட்டு, திருகாணி சரியில்லை என்று என்னோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டார். கடையிலும் சரி வீட்டிலும் சரி, உடைப்பது ஒருத்தர், பேச்சு வாங்குவது நான்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

காலை பத்து மணிக்கு நீங்கள் போன் செய்தீர்கள். விடிய விடிய ஓட்டியாயிற்று, பாதி வழியில் பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியைப் போட்டுவிட்டேன், கொஞ்சம் விளையாடிவிட்டு சாயங்காலம் வரை தூங்கப் போகிறேன் என்றீர்கள். நானும் டிவியைப் போட்டுப் பார்த்தேன். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

அந்தப் புள்ளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒன்றரை வருடத்துக்கு முன் இரண்டு கேம் பெட்டி வாங்கி, ஒன்றை வீட்டில் வைத்து, இன்னொன்றை இன்வெர்ட்டரோடு கேபினுக்குள் ஏற்றினீர்களே, அன்றிலிருந்து அதைத் திட்டாத நாளில்லை. பகல் முழுக்க ஸ்டியரிங், வண்டியை நிறுத்தினால் ரிமோட், இந்த மனுஷனின் கை சும்மாவே இருக்காதா என்று நினைப்பேன். ஆனால் பச்சைப் புள்ளி எரிந்தால் நீங்கள் எங்கோ வண்டியை நிறுத்திவிட்டுப் படுக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மகள்தான் எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தாள். உங்களிடமும் போய்ச் சொல்லியிருக்கிறாள். "உங்கம்மாவுக்கு ஜிபிஎஸ் கெடச்சிடுச்சு" என்று சிரித்தீர்களாம். ஆமாம், கிடைத்தது. வாயால் திட்டிக்கொண்டே அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் இத்தனை நாள் தூங்கினேன். இதை உங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, சொன்னால் உங்களைப் பிடிக்க முடியாது.

மதியம் இரண்டு மணி ஆகியும் புள்ளி அணையவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. விடிய விடிய ஓட்டிவிட்டு இன்னும் என்ன விளையாட்டு? போன் செய்தால் எடுக்கவில்லை. சரி, அந்த விளையாட்டுக்குள் இருக்கும் உங்கள் தீவுக்கே வந்து நாலு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று மகளிடம் ரிமோட்டைக் கேட்டேன். அவள் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, எனக்குத் திரையில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பொம்மையைச் செய்து கொடுத்தாள். அதை உங்கள் தோட்டம் வரைக்கும் நடத்திக் கொண்டுவர எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. மரத்தில் முட்டினேன், தண்ணீரில் விழுந்தேன். ஒருவழியாக வந்து சேர்ந்தால், சிவப்புத் தொப்பி போட்ட உங்கள் பொம்மை கிணற்றைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறது.

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு திட்டினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன், மகள் பக்கத்தில் இருந்தாள். நீங்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எனக்குப் பொம்மையைத் திருப்பத் தெரியாது, அதனால் நின்ற இடத்திலேயே நின்றேன். நீங்கள் செக்குமாடு மாதிரி சுற்றி வந்து என் மேல் முட்டுகிறீர்கள், ஒதுங்கி மறுபடி சுற்றப் போகிறீர்கள். கல்யாணமாகிப் பதினேழு வருடமாக நடப்பதுதானே என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

மகள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா அங்க இல்ல. ரிமோட்ல பட்டன் அமுங்கியே இருக்க ரப்பர் பேண்ட் மாட்டிட்டுப் போயிட்டாரு. சும்மா நின்னா ஆட்டத்துலேர்ந்து வெளியே தள்ளிடும், அதுக்காக எல்லாரும் பண்றதுதான்" என்றாள். பாவி மனுஷன், அதை மாட்டிவிட்டுத் தூங்கிவிட்டார் போல என்றுதான் அப்போதும் நினைத்தேன். தூங்கட்டும் என்று சத்தத்தைக் குறைத்து வைத்தேன். ஹெட்செட் வழியாக உங்கள் தூக்கம் கலைந்துவிடுமாம்! என்னை மாதிரி ஒரு முட்டாளை நீங்கள் எங்கே தேடிப் பிடித்தீர்கள்?

ஐந்து மணிக்கு லோடு ஆபீஸ்காரர் போன் செய்தார். "அண்ணி, அண்ணன் நாலு மணிக்கே அங்க லோடு இறக்குற யார்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டார். வண்டிய நகர்த்தச் சொல்லி நாலு பேர் கேபின் கதவைத் தட்டுறாங்களாம், எழுந்திரிக்கவே மாட்டேங்கறாராம். நீங்க ஒரு போன் போடுங்க" என்றார். அவருக்கு இது சாதாரண விஷயம். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பங்க்கிலிருந்து யார்டுக்கு ஆறு மணி நேரம். விடிய விடிய ஓட்டியதற்கு மேல் இன்னும் ஆறு மணி நேரம், கண்ணை மூடாமல். பெட்டியையும் ரப்பர் பேண்டையும் எனக்குக் காவல் வைத்துவிட்டு நீங்கள் ரோட்டில் இருந்திருக்கிறீர்கள்.

பதினொரு தடவை அடித்தேன். பன்னிரண்டாவது தடவை எடுத்து, "காலையிலேர்ந்து ஒரே தூக்கம், செம தூக்கம்" என்றீர்கள். நான் போனை வைத்துவிட்டேன். குரலைக் கேட்டதும் உயிர் வந்தது, பொய்யைக் கேட்டதும் உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷி என்னதான் பேசுவாள்?

ஏன் இந்த அவசரம் என்று ஆபீஸ்காரரிடம் கேட்டேன். ஒரு நாளாவது முன்னதாக வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தீர்களாம். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. "அந்தப் பெட்டியோடவே குடும்பம் நடத்துங்க, இங்க வராதீங்க" என்று போன வாரம் கத்தியது நான்தான். அது வாய் தவறி வந்தது இல்லை, கோபத்தில் சொன்னதுதான். அதற்காகத் தூங்காமல் ஓட்டி வரச் சொன்னேனா? இப்போது என்ன ஆயிற்று? திரும்பும் லோடுக்கு அங்கேயே இரண்டு நாள் வரிசையில் நிற்கிறீர்கள். மிச்சம் பிடித்த ஆறு மணி நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள், சொல்லுங்கள்.

ஆபீஸ்காரரிடம் ரப்பர் பேண்ட் கதையை நான் சொல்லவில்லை. சொன்னால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். இன்னொரு தடவை நடந்தால் நானே நேரில் போய்ச் சொல்வேன். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, செய்வேன். உங்களுக்கு வேலை இல்லாவிட்டால் எப்படியோ சமாளிப்போம். நீங்களே இல்லாவிட்டால் என்னால் முடியாது.

மகள் அன்றிலிருந்து தீவுப் பக்கமே போகவில்லை. அப்பாவிடம் புள்ளி விஷயத்தைச் சொன்னதே தப்பு என்று அழுதாள். அவளிடம் நீங்களே பேசுங்கள். அதை என்னால் சரிசெய்ய முடியாது.

பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. விளையாடுங்கள், மீன் பிடியுங்கள், எவனோடு வேண்டுமானாலும் கத்துங்கள். ஆனால் வண்டி நின்றால் மட்டும் அந்தப் புள்ளி எரியட்டும். வண்டி நகர்ந்தால் அணையட்டும். ஒரு நாள் தாமதமாக வாருங்கள், ஒரு வாரம் தாமதமாக வாருங்கள், வாசலில் நின்று திட்டுவேனே தவிரக் கதவைச் சாத்த மாட்டேன்.

கடைசியாக ஒன்று. அந்தத் தீவிலிருந்து எப்படி வெளியே வருவது என்று எனக்குத் தெரியவில்லை, டிவியை மட்டும் அணைத்துவிட்டு எழுந்துவிட்டேன். மஞ்சள் சட்டைப் பொம்மை இன்னும் கிணற்றடியில்தான் நிற்கிறது. மகள் வெளியே எடுக்கட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். நன்றாகத் தூங்கி எழுந்து, நீங்களே கையால் ரிமோட்டைப் பிடித்து, சுற்றாமல் நேராக வந்து அதன் முன்னால் நில்லுங்கள்.

நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்கும்,
உங்கள் மனைவி