திருநீறு காட்டிய கசிவு

அம்மாவுக்கு கலைமதி வணங்கி எழுதுவது. மூட்டுவலி தேவலையா? தருமபுரியில் நான் நலம்.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் என் பழைய காரில் ஆயில் ஒழுகியது. சர்வீஸ் செய்த நம் தம்பி வீரமணியே, "இன்ஜின்ல டர்போ போச்சுக்கா, மாத்தினா பெருஞ்செலவு, வித்துடு. வாங்குற ஆளைக் கூட்டியாரேன்" என்றான். மனசு ஒப்பவில்லை. இன்ஜினைத் துடைத்து, தீர்த்தமலைத் திருநீற்றைத் தூவி ஓடவிட்டேன். டர்போவுக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டடியில் மட்டும் திருநீறு நனைந்தது. போல்ட்டை இறுக்கினேன், கசிவு நின்றுவிட்டது. போல்ட்டில் ஸ்பானர் பட்ட புதுத் தழும்பு.

தம்பியிடம் சொன்னேன். "நீ ஏன்க்கா அங்கெல்லாம் கை வெச்ச?" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. போல்ட் தளர்ந்திருப்பது தெரிந்தே பொய் சொல்லியிருக்கிறான் அம்மா.

அவனைத் திட்ட வேண்டாம். பிள்ளைகளை ஏற்ற நேரமாகிவிட்டது. திருநீறு தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கள். பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுங்கள். தம்பி கையில் வேண்டாம்.

உங்கள் மகள்,
கலைமதி