மோகனாவின் தாடை

12 ஆகஸ்டு 1996, திங்கள்

இன்று மோகனாவைக் காந்திபுரத்தில் பல் டாக்டர் கோவிந்தராஜுலுவிடம் காட்டினேன். கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி வளர்ந்துவிட்டது என்றார். அதனால் முன்பல் இரண்டு வரிசையும் சேரவில்லை. எதையும் கடிக்க முடியாது. பத்தொன்பது வயதாகிறது. இத்தனை நாளும் தோசையைக்கூடக் கிள்ளிக் கடைவாயில் வைத்துத்தான் தின்றிருக்கிறாள். சந்தையில் ஒவ்வொரு மாட்டுக்கும் வாயைப் பிளந்து பல் பார்க்கிறவன் நான். என் மகளை ‘மெதுவாத் திங்கற புள்ள’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வழி இரண்டு. கிளிப் போட்டுப் பல்லை மட்டும் சாய்த்துச் சமாளிப்பது ஒன்று. தாடை எலும்பை அறுத்துப் பின்னால் தள்ளி வைப்பது இன்னொன்று. “கிளிப்பே போதுங்க கவுண்டரே, பாக்க நல்லாயிரும்” என்றார். கிளிப் விற்கிறவர் வேறு என்ன சொல்வார்? அறுக்கிறவரிடமும் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும்.

என் வீட்டுக்காரி செல்லாத்தாளுக்குக் கிளிப்தான் பிடித்திருக்கிறது. பொள்ளாச்சி வரன் ஜாதகம் பொருந்தியிருக்கிறது, தை பிறந்ததும் பார்க்க வருகிறார்கள் என்கிறாள்.

19 ஆகஸ்டு

ஆபரேசன் செய்கிற டாக்டர் ஜன்னத்தைப் பார்த்தோம். நாற்பது வயதிருக்கும் அம்மா. அறுக்கத்தான் சொல்வார் என்று நினைத்துப் போனேன். சொல்லவில்லை.

“செஞ்சா கடிக்கிறது சரியாகும். ஆனா கொஞ்ச வாரம் வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருப்போம். கீழ் உதடு மரத்துக் கிடக்கும், சிலருக்கு அது முழுசாப் போறதில்ல. யோசிச்சு வாங்க. வேண்டாம்னாலும் தப்பில்ல.”

தன் சரக்கின் குறையை முதலில் எடுத்து வைக்கிற ஆளை என் தொழிலில் நான் பார்த்ததில்லை. அங்கேயே மதிப்பு வந்துவிட்டது.

“அப்பிடீன்னா மொதல்ல கிளிப்பப் போட்டுப் பாக்கறமுங்க. பத்தலீன்னா ஆபரேசன்” என்றேன். எங்கள் முறை அது. கறவை மாட்டைக் கொண்டுவந்து கட்டி, சாயங்காலமும் காலையும் கறந்து பார்த்துவிட்டுத்தான் விலை முடிப்போம்.

அந்தம்மா மோகனாவின் பல் அச்சை என் கையில் கொடுத்து விளக்கினார். கிளிப் மட்டும் என்றால் கீழ்ப்பல்லை உள்ளே சாய்க்க வேண்டும். இடத்துக்காக இரண்டைப் பிடுங்கவும் வேண்டும். ஆபரேசனுக்கும் முதலில் கிளிப் உண்டு, ஆனால் அதே பல்லை வெளியே நிமிர்த்த. அப்போது தாடை இன்னும் துருத்தும். அறுத்த பிறகுதான் நேராகும். “ரெண்டும் எதிரெதிர் ரோடு. பாதி வழியில திரும்பலாம்னா, பிடுங்கின பல்லு திரும்ப வராதே?”

கறந்து பார்க்க முடியாத மாடு. கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கச் சொல்கிறார்கள்.

நான் ஏழெட்டுக் கேள்வி கேட்டேன். மோகனா ஒன்றுதான் கேட்டாள். “இதைச் செஞ்சுக்கிட்ட ஒருத்தரைப் பாக்கலாங்களா டாக்டர்?”

எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

22 ஆகஸ்டு

சந்தையில் ஒரு மாடும் பிடிக்கவில்லை. எல்லா மாட்டுக்கும் தாடை கோணலாகத் தெரிகிறது.

1 செப்டம்பர்

மோகனாவைக் கூட்டிக்கொண்டு கோபிசெட்டிபாளையம் போனேன். டாக்டரம்மா சொல்லிவிட்ட டீச்சர் வீடு. ஆபரேசன் ஆகி இரண்டு வருஷம். ‘முன்னைக்கு இப்ப அழகா இருக்கறீங்களா’ என்று மோகனா டீச்சரிடம் கேட்பாள் என எதிர்பார்த்தேன். அந்தப் பேச்சே எடுக்கவில்லை. வாயைக் கட்டியிருந்தபோது சளி பிடித்தால் என்ன செய்தீர்கள், எத்தனை கிலோ இளைத்தீர்கள், இப்போது கரும்பு கடிப்பீர்களா — குறுக்கு விசாரணைதான்.

“மரத்துப் போறதுன்னாங்களே, இன்னும் இருக்குதுங்களா?”

“இந்த ஓரத்துல ஒரு ரூபாக் காசு அளவுக்கு இருக்குது கண்ணு. காப்பி ஒழுகுனாக்கூடத் தெரியாது.”

“தொட்டுப் பாக்கட்டுங்களா?”

தொட்டாள். பிறகு தன் தாடையில் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“மறுக்காச் செய்யோணும்னா செய்வீங்களா, டீச்சர்?”

“செய்வேன். எங்கம்மாவ மட்டும் ஆசுபத்திரிப் பக்கம் விட மாட்டேன். அழுதே கொன்னுபோட்டாங்க.”

திரும்பும்போது பஸ்ஸில் என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை. மாட்டைச் சுற்றி வந்து பார்த்து முடித்தவனை அவசரப்படுத்தக் கூடாது.

8 செப்டம்பர்

செல்லாத்தாள் கோயிலில் பூ கேட்டுவிட்டாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் கிளிப், சிவப்பு வந்தால் ஆபரேசன். சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னாள். வெள்ளை. வாசலில் இருந்தே “வெள்ளப் பூ வந்திருச்சுங்க!” என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் நிம்மதிதான். மாட்டுக்குக்கூடப் பூ கேட்காமல் நான் புதுக்கொட்டகை போட்டதில்லை. சாமி சொன்னபிறகு என்ன பேச்சு?

மோகனா பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றித் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். “சாமிகிட்ட என்னன்னு கேட்டீங்மா?”

“பொள்ளாச்சி எடம் தட்டாம முடியறதுக்கு எது நல்லதுன்னு கேட்டேன். வேறெதைக் கேக்கறது?”

“அப்பச் சாமி சரியாத்தான் சொல்லியிருக்குதுங்மா. கல்யாணத்துக்குக் கிளிப்பே போதும். நான் சோறு திங்கறதுக்குக் கேக்கறேன். அதை யாருங் கேக்கலியே.”

முப்பது வருஷம் சந்தையில் நின்றவன் நான். விலையைவிடக் கேட்கிற கேள்வியில்தான் வியாபாரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? இதை யார் இவளுக்குச் சொல்லிக் கொடுத்தது? காலேஜில் படிக்கிற பி.காமிலா?

9 செப்டம்பர்

புத்திசாலி, சரி. எலும்பை அறுக்கறாங்களே — எம் புள்ள மூஞ்சிய — ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? நான் யாருகிட்டப் போய் நிக்கறது?

14 அக்டோபர்

கிளிப் மாட்டியாயிற்று. ஆபரேசன் ரோட்டில்தான். “யார் முடிவு இது?” என்று ஜன்னத் டாக்டர் கேட்டார். அவளைக் கை காட்டினேன். “நீங்க?” என்றார். “நான் கூட்டிட்டு வர்ற வண்டிக்காரனுங்க” என்றேன்.

3 பிப்ரவரி 1997

பொள்ளாச்சிக்காரர்கள் வந்தார்கள். கிளிப் போட்ட பிறகு மோகனாவுக்குத் தாடை முன்னைவிட எடுப்பாகத் தெரிகிறது. மாப்பிள்ளையின் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மோகனா காப்பி கொடுத்துவிட்டு, “இது இன்னுங் கொஞ்சந் துருத்துமுங்க அத்தை. அடுத்த வருசம் ஆபரேசன் பண்ணிக்கறேன்” என்று போட்டுடைத்தாள். வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

எனக்கு வந்த கோபம்! “அதை நீதான் சொல்லோணுமா அம்மணி? நாங்க ரெண்டு பேரும் என்ன ஊமையா?”

“குறைய மறைச்சு மாட்டை வித்தா மூணாம் நாள் திருப்பிக் கொண்டாந்து கட்டிப்போட்டுப் போயிருவாங்கன்னு நீங்கதானுங்ப்பா சொல்லுவீங்க. என்னையும் அப்பிடிக் கட்டிப்போட்டுப் போனா?”

செல்லாத்தாள் உள்ளே போய் அழுதாள். நான் கொட்டகைக்குப் போய்த் தனியாகச் சிரித்தேன். சிரிப்பா அது என்று தெரியவில்லை.

18 மே 1998

பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். இன்று ஆபரேசன். முகம் பூசணிக்காயாக வீங்கியிருக்கிறது. கண் மட்டும் அவளுடையது. ஜன்னத் டாக்டர் வெளியே வந்து, “நேரா வந்திருக்கு” என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன்.

7 ஜூன்

வாய் இன்னும் கம்பியில்தான் இருக்கிறது. ராகிக் கூழைக் கரைத்து உறிஞ்சிக் குடிக்கிறாள். வீக்கம் வடிந்து புது முகம் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. கீழ் உதடு இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. விரலால் தட்டிக் காட்டி, பரவாயில்லை என்று கையை அசைக்கிறாள்.

காலையில் பலகையில் எழுதிக் காட்டினாள்: ‘கேரளா லோடு வியாபாரத்தில் எனக்குப் பங்கு வேண்டும். சம்பளம் வேண்டாம்.’ லாரியில் மாடு ஏற்றிக் கேரளாவுக்கு அனுப்புகிற வியாபாரம் அது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, சிரிக்கவும் முடியாது. என் தோளில் கிடந்த துண்டை உருவி எங்கள் இரண்டு பேர் கைமேலும் போட்டாள். சந்தையில் நாலு பேர் காதில் விழாமல் நாங்கள் மாட்டுக்கு விலை பேசுகிற மாதிரி, துண்டுக்குள் விரலைப் பிடித்தாள்.

நான் இரண்டு விரல் பிடித்தேன், ரூபாய்க்குப் பதினாறணாக் கணக்கில் ரெண்டணா. அவள் என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து, மறுபடி ஒன்றைப் பிடித்தாள். ஆறணா! “அடி ஆத்தி, கொட்டகையே உன்னுதுன்னு சொல்லிரு” என்றேன். மூன்று பிடித்தேன். கையை உதறினாள். துண்டுக்குமேல் அந்தக் கண் அசையவேயில்லை. எத்தனையோ தரகர்களோடு கை பிடித்திருக்கிறேன். இப்படிக் கண்ணை ஆடாமல் வைத்திருந்தவர்கள் குறைவு.

“பெத்த மகளோட துண்டு போட்டு வெல பேசற மனுசன் இந்த ஒலகத்துல உண்டா?” என்று செல்லாத்தாள் கூழைக் கிண்டிக்கொண்டே திட்டினாள். “நல்லா இறுக்கிப் புடி கண்ணு” என்றும் அவளே சொன்னாள்.

கடைசியில் முடிந்தது இப்படி: கேரளா லோடு லாபத்தில் ரூபாய்க்கு நாலணா மோகனாவுக்கு. பேங்கும் வசூலும் அவள் பொறுப்பு. வரன் பேச்சை அவளாக எடுக்கிறவரை நாங்கள் எடுப்பதில்லை.