நேராக வரைந்த சுவர்

8-11-2010, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. தீபாவளி முறுக்கு நமுத்துப் போச்சு. வாங்க வேண்டியவை: டிராயிங் ஷீட் நான்கு, சோப்பு, தலைவலி மாத்திரை.

கடலூரிலிருந்து அக்கா போன். அவள் டீச்சராக இருக்கும் பள்ளியில் வகுப்பறை ஒழுகுகிறதாம். "ஆறாங்கிளாஸ் புள்ளைங்கள பழைய ஹாலுக்கு மாத்திட்டாங்கடி. கல்வி ஆபீசர் அங்க மாட்டியிருக்கற நீ வரைஞ்ச படத்தப் பாத்துட்டு, செவுரு நேரா இருக்கு, தைரியமா உக்காருங்கன்னுட்டாரு. எனக்கு ஒரே பெருமை."

அந்தச் சுவர் நேராக இல்லை.

9, செவ்வாய்

மழை. மெஸ்ஸில் சாம்பார் சாதம். இறங்கவில்லை.

ஆகஸ்டில் நானும் கூடப் படிக்கும் ரியாசும் கட்டடக்கலைக் கல்லூரி வேலைக்காக அந்தப் பழைய ஹாலை அளந்தோம். கிழக்குச் சுவர் உள்பக்கமாக மூன்று அங்குலம் சாய்ந்திருந்தது. "சாய்ச்சு வரைஞ்சா, அளக்கத் தெரியலன்னு சார் மார்க்க கொறைப்பாரு. நேரா இழு," என்றான் ரியாஸ். இழுத்தேன். எங்கள் வகுப்பில் எல்லோரும் செய்வதுதான். சார் கையெழுத்துப் போட்டு, ஃபிரேம் மாட்டி, பள்ளிக்கே கொடுத்தார்.

இன்று ரியாசிடம் சொன்னால், "இத்தினி வருஷம் நின்னது இப்பவா உழும்? வாய மூடு," என்கிறான்.

பிள்ளைகள் நாற்பத்திரண்டு. அக்காவோடு நாற்பத்து மூன்று. பயமாக இருக்கிறது.

10, புதன்

சாரிடம் சொல்லிவிட்டேன்.

"அந்தப் படத்துல என் கையெழுத்து இருக்கும்மா. அன்னைக்கு நீதான் தப்பா அளந்திருப்ப. செவுரு நல்லாத்தான் இருக்கும்."

"நீங்களே வந்து பாருங்க சார்." என் வாயா அது! நாளை வருகிறாராம். என் அளவு தப்பென்று காட்ட.

அக்காவிடமும் சொன்னேன். "அடிப்பாவி! அந்தச் செவுத்தோரமாத்தான் நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன்."

11, வியாழன். திரும்பும் பஸ்ஸில். எழுத்து ஆடுகிறது.

காலையிலேயே அக்கா பிள்ளைகளை வராண்டாவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். சாரல். தலைமையாசிரியைக்குக் கோபம். "ஆபீசரே சொல்லிட்டாரு. புள்ளைங்க நனைஞ்சு காய்ச்சல்ல படுத்தா பெத்தவங்களுக்கு யாரு பதில் சொல்றது? உள்ள கூட்டிட்டுப் போங்க டீச்சர்."

சாரும் அவர்களிடம், "பொண்ணு சும்மா பயந்துக்குது மேடம். ஒண்ணும் இல்ல," என்றார்.

நான்தான் உள்ளே போனேன். ஏணியில் ஏறினேன். சுவரின் உச்சியிலிருந்து நூலில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். இறங்கி, கீழே நூலுக்கும் சுவருக்கும் நடுவில் டேப் வைத்தேன். நாலே கால் அங்குலம். மூன்று மாதத்தில் ஒன்றே கால் கூடியிருக்கிறது. காலடியில் புதுசாய் உதிர்ந்த சுண்ணாம்பு.

சத்தமாகச் சொன்னேன்.

"மறுபடி அளந்து பாரு," என்றார் சார், வாசலிலிருந்து.

அளந்தேன். அதே நாலே கால்.

"நீங்க வந்து அளங்க சார்."

டேப்பை நீட்டினேன். அவர் சுவரை மேலும் கீழும் பார்த்தார். ஒரு காலை உள்ளே வைத்தார். வைத்த காலை எடுத்துவிட்டார்.

"பரவால்ல, இங்கேர்ந்தே தெரியுது."

தலைமையாசிரியை அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு திரும்பி, "இந்த ஹால் பூட்டு எங்கப்பா?" என்று பியூனைக் கேட்டார்கள்.

நான் இன்னும் உள்ளேதான் நின்றிருந்தேன்.