கணக்குப் பரீட்சைக்கு நான் போட்ட வீணை

என் அன்பு அண்ணாத்தே,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. அங்கே உன்னை யாரும் கணக்குப் போடச் சொல்லமாட்டார்கள், நிம்மதியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன வாரம் நான் அடித்த கூத்தை நானே சொல்லிவிடுகிறேன். அண்ணி வாயால் கேட்டால் இன்னும் மோசமாக இருக்கும்.

உன் மகள் பவி இப்போது பத்தாவது. என் பள்ளிதான், கணக்கும் என்னிடம்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மெஷின் முன்னால் நின்று, இரும்பில் முடியளவு வித்தியாசத்தை விரலால் தடவியே சொன்ன நீ, பத்தாவது கணக்குப் பரீட்சையில் மூன்று தடவை வியர்த்து ஊற்றி வெளியே வந்தவன். அவளும் அச்சு அசல் உன்னைப் போலத்தான். வீட்டில் தப்பில்லாமல் போடுவாள். கேள்வித்தாளைக் கையில் கொடுத்ததும் விரல் சில்லிட்டுப் போகும். பெயரையும் வகுப்பையும் எழுதிவிட்டு வெள்ளைத்தாளாகவே நீட்டுவாள். நீ போன பிறகு மூன்று தேர்விலும் இதே கதை.

தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "சார், உங்க அண்ணன் பொண்ணு, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இந்தத் திருப்புதல் தேர்வுலயும் வெறும் பேப்பர் குடுத்தா, டி.சி. வாங்கிட்டு பிரைவேட்டா எழுதச் சொல்லிடுவோம்" என்றார். பள்ளிக்கு நூறு சதவீதத் தேர்ச்சி வேண்டுமாம். இதை அண்ணியிடம் எந்த முகத்தோடு சொல்வது? உன்னிடமே இப்போதுதான் சொல்கிறேன்.

அந்த நேரம் பார்த்து ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வந்தது. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் மெல்லிய இசை போட்டால் பிள்ளைகளின் படபடப்பு அடங்கும் என்று ஒரு அம்மா அங்கே பேசினார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். சினிமாப் பாட்டு போட்டால் நம் பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி ஆடிவிடுவார்கள். வார்த்தையே இல்லாத ஒன்று வேண்டும் என்று இரண்டு நாள் போனில் துழாவி ஒரு வீணையைக் கண்டுபிடித்தேன். ஒரு மீட்டுக்கும் அடுத்த மீட்டுக்கும் நடுவில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நிதானம்.

தேர்வன்று தலைமை ஆசிரியை வரத் தாமதம். நான் யாரிடமும் மூச்சு விடாமல், பிரார்த்தனைக்குப் போடும் ஒலிபெருக்கியில் போனைச் சேர்த்துவிட்டேன். அதில் ஒரு குழாய் கரையான்சாவடி மெயின் ரோட்டைப் பார்த்து இருக்கிறது என்பது எனக்கு ஞாபகமே இல்லை.

காலை வேளையில், ஒரு அறிவிப்பும் இல்லாமல், வீணை மட்டும் இழுத்து இழுத்து அழுதுகொண்டு வந்தால் நம் ஊரில் என்ன அர்த்தம்? யாரோ பெரிய தலைவர் போய்விட்டார். சின்ன வயதில் ரேடியோவில் அதைக் கேட்டு, லீவு லீவு என்று நாம் இரண்டு பேரும் குதித்து அப்பாவிடம் அடி வாங்கியதுகூட உண்டே! நாற்பத்திரண்டு வயதில் எனக்கு அது மட்டும் தோன்றவில்லை பார்.

நான் பத்தாம் வகுப்பு வாசலில் கண்ணை மூடி நின்று, படபடப்பு அடங்குகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். நன்றாகவே அடங்கியது. பரீட்சை கிடையாது என்று முடிவு கட்டிவிட்ட பிள்ளைகளுக்கு என்ன படபடப்பு? அதற்குள் வாட்ச்மேன் பள்ளிக் கொடியைப் பாதிக் கம்பத்துக்கு இறக்கிவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"இன்னா சார், யாரு பூட்டாங்க?"

"யாரும் போகலையே. ஏன்?"

"டிவில இன்னும் சொல்லல சார். மொதல்ல மியூசிக்தான் போடுவாங்க. அப்பாலதான் சொல்லுவாங்க."

எட்டிப் பார்த்தேன். எதிர் டீக்கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மளிகைக்கடையில் பால் பாக்கெட்டுக்குத் தள்ளுமுள்ளு. கேட்டருகே ஒரு அம்மா ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டு, "பஸ்ஸெல்லாம் நிறுத்திடுவாங்களாம் சார், எம்புள்ளய உட்ருங்க, இட்டுகினு பூட்றேன்" என்று சத்தம் போட்டார். ஆறாம் வகுப்பு ஏற்கெனவே பையை மாட்டிவிட்டது.

தலைமை ஆசிரியை ஆட்டோவிலிருந்து துக்க முகத்தோடு இறங்கினார். "யாரு சார்?" என்று மெல்லக் கேட்டார்.

"யாரும் இல்ல மேடம். வீணை நான்தான் போட்டேன். கணக்குக்கு."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். வீணையை நிறுத்திவிட்டு மைக்கை என் கையில் கொடுத்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "யாரும் இறக்கவில்லை. கணக்குத் தேர்வு கட்டாயம் நடக்கும்" என்று அறிவித்தேன். பள்ளி முழுக்க ஒரு 'அய்யோ' எழுந்தது. உண்மையான துக்கம் அப்போதுதான் ஆரம்பித்தது.

இத்தனை கலாட்டாவிலும் பவி மட்டும் குதிக்கவில்லை. ஜியோமெட்ரி பாக்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். யாரோ செத்துவிட்டார்கள் என்றால் நம் பிள்ளைக்கு அது லீவு இல்லையே. நான் கிட்டே போனேன்.

"சித்தப்பா, நெஜமாவே யாரும் சாவலியா?"

"இல்லடா."

"அப்போ எனக்காகவா போட்ட?"

தலையை ஆட்டினேன். அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்து சிரிக்கிறாள்! கண்ணில் தண்ணீர் வர வர சிரிக்கிறாள். "எங்கப்பா மட்டும் இருந்திருந்தா, இத வெச்சே உன்ன ஒரு வருசம் ஓட்டியிருப்பாரு" என்றாள்.

ஒன்பது மாதத்தில் அவள் வாயிலிருந்து 'அப்பா' என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை. வீட்டில் நாங்கள் யாருமே உன் பேச்சை எடுப்பதில்லை. எடுத்தால் அவள் தாங்கமாட்டாள் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். எவ்வளவு பெரிய முட்டாள்கள், இல்லையா? எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்து இன்னும் சிரித்தாள்.

தேர்வை மூன்றாவது பீரியடில் தொடங்கினோம். இசையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அவள் பக்கம் பார்க்கக்கூடாது என்று ஜன்னல் வழியாகப் பூந்தமல்லி போகிற பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் போயிருக்கும்.

"சார், அடிஷனல் ஷீட்."

குரல் தெரிந்தும் நம்பிக்கை வராமல் திரும்பினேன். பவிதான், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். நம் வம்சத்திலேயே கணக்குப் பரீட்சையில் கூடுதல் தாள் கேட்ட முதல் ஆள் உன் மகள்தான், அண்ணாத்தே. ஒன்று கேட்டாள், நான் மூன்று கொடுத்தேன்.

சித்தப்பா திருத்தினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று இன்னொரு ஆசிரியை திருத்தினார். நூற்றுக்கு நாற்பத்தாறு மதிப்பெண், பாஸ். தலைமை ஆசிரியை டி.சி. பேச்சை விட்டுவிட்டார். என் போனை ஒலிபெருக்கிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார்.

இனி பொதுத்தேர்வு இருக்கிறது. பயம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு நான் வாசலில் நிற்பேன். நீ செய்த கூத்து ஏதாவது ஒன்றைச் சொல்லி, அவளைச் சிரிக்க வைத்துத்தான் உள்ளே அனுப்புவேன். இது சத்தியம்.

உன் தம்பி,
பவியின் சித்தப்பா,
முரளி