அறுக்காத பாவு

அன்புள்ள மாப்ளே,

போனவனுக்குக் கடிதம் எழுதுகிறான் பார் என்று ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உன்னை விட்டால் கரிக்கலாம்பாக்கத்தில் என்னோடு மல்லுக்கு நிற்க யார் இருக்கிறார்கள்?

உன் தறி ஓடுகிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நெய்கிறவன் செத்தால், தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் பாவு நூலை அறுத்து அவனோடு எரிப்பது நம் தெரு வழக்கம். நூல் அறுந்தால்தான் அவனுக்கு வழி திறக்குமாம். உன்னைத் தூக்கிய அன்று அறுக்க வந்தவர்களை நான்தான் மறித்தேன். ஊனமான உன் இடது கால் தறிக்குழியில் இருக்கும் மிதிக்கட்டையில் ஆழமாக இறங்குவதால் உன் சேலையில் ஓர் அலை விழும். வேறு எவன் தறியிலும் அது விழாது. எனக்கு யாரும் தொழில் சொல்லித் தரவில்லை. உன் துணியைத் தடவித் தடவித்தான் கற்றுக்கொண்டேன். அதை நெருப்பில் போட விடுவேனா?

விரல் வழுக்காமல் இருக்க அடுப்புச் சாம்பல் தொட்டு, உன் பழைய இழைகளோடு புதுப் பாவைத் திரித்துப் பிணைத்தேன். உன் இடத்தில் உட்கார்ந்து நெய்தேன். என் கால் இரண்டும் நல்ல கால். ஆனாலும் துணியில் அலை விழுந்தது.

நான் மிதிப்பதற்கு முன்பே இடது மிதி இறங்கிவிடுகிறது. பட்டப்பகலில் குழிக்குள் குனிந்து பார்த்தேன். என் கால்கள் மட்டுமே இருந்தன. ஆனால் கணுக்காலில் ஒரு சில்லிப்பு. பக்கத்தில் இன்னொரு கால் ஒட்டிக்கொண்டு இருப்பது போல. நீதானா?

போன வாரம் நெசவாளர் சொசைட்டி அதிகாரி வந்தார். சேலையை வெயிலில் விரித்துப் பார்த்தார். ஊரெல்லாம் நைலக்ஸ் சேலை கட்டும் காலத்தில் அவர் வாய் பிளந்து நின்றதைப் பார்க்க எனக்குத் திருப்திதான்.

"அய்யா, இந்த மாதிரி எவ்ளோ நெய்ஞ்சாலும் நாங்க எடுத்துக்கறோம். கண்காட்சில வெச்சி, உங்க பேர போட்டு போர்டு வெக்கறோம்."

"எம்பேரு எதுக்கு? நெய்ஞ்சவன் பேரப் போடு."

"யாருங்க அவரு?"

"செத்துட்டான்."

அவர் சிரித்தார். அப்புறம் நான் சிரிக்கவில்லை என்று பார்த்து, சேலையை மடித்து மெதுவாகக் கீழே வைத்தார்.

அவர் போனதும் என் தங்கச்சி, உன் பெண்டாட்டி அஞ்சலை, அடுப்படியிலிருந்து வந்தாள்.

"அண்ணே, நீ சாப்ட வந்த பொறவும் தறி சத்தம் கேக்குது. அவுரு இன்னா பாவம் பண்ணாரு? செத்தும் உனுக்கு வேல செய்யணுமா? அறுத்து வுட்டுடு, போவட்டும்."

"சும்மா கெட. அவன் கை வேல அழியக் கூடாது."

"உனுக்குத் துணி பெருசு. எனுக்கு அவுரு பெருசு."

மாப்ளே, எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நான் காப்பாற்றுவது உன் கையையா, இல்லை உன்னையே கட்டிப் போட்டிருக்கிறேனா?

நேற்று குழியில் இறங்கி, காலை அசைக்காமல் கேட்டேன்: "போவணுமாடா மாப்ள?"

பிறகு இடது மிதி மெல்ல, மிக மெல்ல, அடிவரை இறங்கியது. பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து வாய் திறந்து நின்றன. ஆமாம் என்கிறாயா? இல்லை, அடுத்த ஊடை நூலைக் குறுக்கே போடு என்கிறாயா? உயிரோடு இருந்தபோதும் நீ நேராகப் பதில் சொன்னவன் இல்லை.

நான் ஊடை நூல் சுற்றிய நாடாவை இழைகளுக்கு நடுவே எறிந்தேன். வேறு என்ன செய்யட்டும்?

அஞ்சலையிடம் சொல்லிவிட்டேன், உன்னிடமும் சொல்கிறேன்: அந்த மிதி தானாக இறங்காத அன்று அவளே வந்து அறுக்கட்டும். நான் மறிக்க மாட்டேன். இது சத்தியம். ஆனால் நீதான் முதலில் காலை எடுக்க வேண்டும். நான் எடுப்பதாக இல்லை.

குழியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்,
உன் மச்சான்